வாசல் நிலா

அக்காவால் மூன்று வருடமாக நிமிர முடியவில்லை. பதினாறு வயதிலிருந்து செங்கல் சுமந்த கழுத்து அது. எலும்பு தேய்ந்து, முன்பக்கமாக மடங்கி, அப்படியே நின்றுவிட்டது. கழுத்தில் பட்டை போட்டிருக்கிறாள். மல்லாந்து படுக்கவும் முடியாது. அவள் பார்ப்பதெல்லாம் தரை, தட்டு, எதிரில் வருகிறவர்களின் கால். செருப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "ஏன்டா, நிலாவெல்லாம் இன்னும் வருதா?"

கிண்டலாகத்தான் கேட்டாள். நான் தட்டைத் தள்ளிவைத்தேன்.

எழுந்து வாசலுக்குப் போய்ப் போனில் ஒரு படம் எடுத்துவந்து காட்டினேன். "இது தெருவிளக்குடா" என்றாள். நெட்டில் தேடிப் பெரிய படமாகக் காட்டினேன். "எவனோ எடுத்தது எனக்கெதுக்கு? நம்ம வாசலுக்கு மேல இருக்கிறதக் காட்டு."

காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் கான்கிரீட் உடைக்கிறவன். பிரேக்கர் மெஷின் பிடித்துப் பிடித்து, சும்மா இருக்கும்போதே இரண்டு கையும் நடுங்கும். டீ கிளாஸில் முக்கால்தான் ஊற்றச் சொல்வேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வீட்டில் குளியலறை உடைக்கப் போனேன். பரணில் ஒரு டெலஸ்கோப், முக்காலியோடு, தூசி படிந்து கிடந்தது. வீட்டுக்கார டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "எடுத்துட்டுப் போங்க. பாதி நிலா வர்ற நாள்ல பாருங்க, குழியெல்லாம் நல்லாத் தெரியும்" என்றவர், கண்ணாடி துடைக்க ஒரு துணியும் கொடுத்தார். அந்தத் துணியை இன்னும் மடித்து வைத்திருக்கிறேன்.

வாசலில் அதை நிறுத்தி, அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை வைக்கச் சொன்னேன். கழுத்துப் பட்டை குழாயில் இடித்தது. அந்தச் சின்ன ஓட்டைக்கு நேராகக் கண் நிற்கவேயில்லை. "கருப்பாத்தான்டா இருக்கு. எனக்கு மட்டும் அமாவாசையா?" என்று சிரித்தாள்.

சரி, ஓட்டையில் போனை வைத்துப் படம் பிடிக்கலாம் என்று பார்த்தேன். கேமரா ஒரு நூல் விலகினாலும் திரை இருண்டுவிடுகிறது. என் கைக்கு நிலா சல்லடையில் போட்ட ஜல்லி மாதிரித் துள்ளியது.

மறுநாள் வேலையிடத்தில் இரும்புப் பட்டையை வளைத்து, வெல்டிங் வைத்து, போனுக்கு ஒரு பிடி செய்தேன். மாட்டியதும் குழாயின் பின்பக்கம் தொபுக்கென்று சாய்ந்து, முன்பக்கம் வானத்துக்கு நட்டுக்கொண்டது. எனக்குக் கெட்டியாகச் செய்யத்தான் தெரியும்.

கூட வேலை செய்யும் பிளம்பரை எல்லோரும் 'லீக்கு' என்றுதான் கூப்பிடுவோம். அவன் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "மச்சான், நிலாவப் படம் பிடிக்கப் போறியா, கழட்டிக் கீழ இறக்கப் போறியா?"

பழைய போன் கவர் ஒன்றின் பின்னால், கேமரா ஓட்டைக்கு நேராக, கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் பைப் துண்டை ஒட்டினான். உள்ளே சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றினான். மூன்று தடவை பிய்த்துப் பிய்த்து ஒட்டினான், அதுவும் ஒரு நாள் லீவு போட்டு. கடைசியில் அது டெலஸ்கோப் முனையில் தொப்பி மாதிரி உட்கார்ந்தது.

பாதி நிலா வந்த அன்று, இருட்டுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டோம். பார்க்கும் முனை மேல்நோக்கி வளைந்திருந்ததால் போன் அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டது. அக்கா எப்போதும்போலக் குனிந்துதான் உட்கார்ந்திருந்தாள். திரை அவள் முகத்துக்கு நேர் கீழே இருந்தது. இது நாங்கள் யோசித்துச் செய்ததல்ல.

முதலில் சுண்ணாம்புக் கட்டியாக வெறும் வெள்ளைதான். லீக்கு திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தான். குழிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

அக்கா ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டே போனாள். பிறகு, "நம்ம தெருவுக்கு ரோடு போட்டவன்தான் அங்கயும் போட்டிருக்கான்" என்றாள்.

"படம் எடுங்கக்கா" என்று லீக்கு இயர்போனைப் போனில் சொருகி, ஒயரிலிருந்த பட்டனை அவளிடம் கொடுத்தான். போனைத் தொட்டால் ஆடும். பட்டனை அமுக்கினால் ஆடாது. அக்காவின் கையும் ஆடாது. கழுத்துதான் போனதே தவிர, கை கல் மாதிரி இருந்தது.

அதற்குள் நிலா திரையின் ஓரத்துக்குப் போய்விட்டது. "ஓடுதுடா, பிடி!" என்றாள்.

லீக்கு கையை நீட்டினான். "நீ இருப்பா. அவன் தள்ளட்டும்" என்றாள் அக்கா.

எங்கள் வீட்டில் நன்றி என்ற வார்த்தை புழங்கியதில்லை. அப்பா போனபின் இவள் சுமந்துதான் நான் ஆளானேன். அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வதென்றும் தெரியாது. குழாயை விரல்நுனியால் தள்ளினேன். நிலா நடுவுக்கு வந்து உதறியது. கையை எடுத்துக்கொண்டேன்.

"அவசரமில்லடா" என்றாள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "நிக்கட்டும்."

ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. அக்கா பட்டனை அமுக்கினாள்.

படம் கொஞ்சம் கோணல்தான். இப்போது வாசலில் எந்தச் செருப்பு வந்து நின்றாலும் உட்காரவைத்துப் போனை நீட்டுகிறாள். "நம்ம வாசல் நிலா. தம்பி பிடிச்சான், நான் எடுத்தேன்."