காணாமல் போகும் சர்வர்

ஹோட்டல் சர்வராவது இரண்டு முறை கூப்பிட்டால் துண்டை உதறிக்கொண்டு வந்து நிற்பான். ஸ்ரீவராகம் பகுதியில் ராமசுப்ரமணியன் நடத்திய டைப்செட்டிங் ஆபீசின் சர்வர் அரை மணி ஆனாலும் முகம் காட்டாது. அதுவும் ஜெயஷீலாவுக்கு மட்டும்.

புத்தகப் பக்கங்கள் எல்லாம் சர்வர் என்ற அந்தப் பொதுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. காலை எட்டு மணிக்கு வருகிறவர்கள் திரையில் பெயர்ப் பட்டியலைத் திறப்பார்கள், சர்வரின் பெயர் இருக்கும், வேலையைத் தொடங்குவார்கள். பாறசாலை பஸ்ஸில் ஒன்பதேகாலுக்கு வந்து சேரும் ஜெயஷீலா திறந்தால் அந்தப் பெயர் மட்டும் இருக்காது. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இந்த வாரமும் பக்கங்கள் தாமதமானால் வேலையை விட்டு நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"ஞான் ஒண்ணும் தொடல்ல அண்ணே. தொறந்தா காணல்ல," என்றாள் அவள், கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வரும் சுவாமிதாஸிடம்.

சுவாமிதாஸ் செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்தான். ஒன்பதரைக்குள் விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. ஆபீசில் எந்தெந்தக் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்ற பட்டியலை எல்லாருக்குமாக ஒரு கம்ப்யூட்டர்தான் வைத்திருக்கும். அது எது என்று அவை தங்களுக்குள் தேர்தல் நடத்தும். புதிய விண்டோஸ் உள்ளதே ஜெயிக்கும். சர்வரில் கிடந்தது பழையது. புத்தம் புதியது முதலாளியின் மேஜையில் இருந்தது, சீட்டாடுவதற்கு. ஒன்பது மணிக்குக் காப்பி குடிக்கப் போகிறவர், தன் மிஷினை யாராவது நோண்டிவிடுவார்கள் என்று சுவரிலேயே சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார். அது வைத்திருந்த பட்டியலும் அதோடு போய்விடும். வேறொன்று ஜெயித்துப் பட்டியல் மறுபடி நிரம்ப அரை மணி ஆகும். முன்பே சர்வரைத் திறந்து வைத்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் வந்தவள்தான் குற்றவாளி.

சுவாமிதாஸ் முதலாளியின் அறைக்குப் போனான். "சார், ஒங்க மிஷின்ல ஒரு சின்ன..."

"என் மிஷின்லயா? போன மாசம் வாங்கினது ஓய் அது," என்றார் ராமசுப்ரமணியன். "குத்தம் அந்தப் பொண்ணு கையில. நன்னாப் பாரும்."

சுவாமிதாஸுக்கு வாயில் வார்த்தை இருந்தது. அடுத்த வருஷமும் ரிப்பேர் வேலை வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது. "கேபிள் பழசாயிருக்கும் சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். நாளைக்கு யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட்டால் போயிற்று.

புதன்கிழமை காலை அவன் வந்தபோது ஜெயஷீலாவின் நாற்காலியில் புதிதாகச் சேர்ந்த எலிசாள் இருந்தாள். அவளும் பாறசாலைதான், அதே பஸ்தான். ஜெயஷீலா வந்ததும் வராததுமாக முதலாளி கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டாராம். சுவாமிதாஸ் வைரஸ் பார்ப்பதாகச் சொல்லி முதலாளியின் மிஷினில் உட்கார்ந்து, இனி அது தேர்தலில் நிற்காதபடி மாற்றி வைத்தான்.

வியாழக்கிழமை எலிசாள் திறந்த உடனே சர்வர் வந்தது. ராமசுப்ரமணியன் ஆபீசுக்கே கேட்கும்படி சிரித்தார்.

"பாத்தீரா சுவாமிதாஸ்? அவ போனா, பீடை போச்சு. எல்லாம் கைராசி ஓய்."

இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இத்தனை நாளும் அவளோடு பொதிச்சோறு பங்கிட்டுத் தின்ற கூட்டம். அந்தச் சிரிப்பையும் அந்தத் தலையாட்டலையும் அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தான் செய்த வேலை அந்த மனுஷனின் வாய்க்கு அவலாகிவிட்டதே என்று இருந்தது. மறுபடி வைரஸ் என்று சொல்லி உட்கார்ந்து, மாற்றியதைப் பழையபடியே மாற்றி வைத்தான். நாறட்டும்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குச் சுவாமிதாஸுக்கு முதலாளியிடமிருந்து போன் வந்தது. ராமசுப்ரமணியன் எப்போதும் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவார். அவர் திட்டுவது நாலு பேர் காதில் விழ வேண்டும்.

"மறுபடியும் சர்வரைக் காணல ஓய். இந்த எலிசாளும் தேறமாட்டா போலிருக்கு. அந்த ஊர்ப் பொண்ணுகளே வேண்டாம்னு பாக்கறேன். இவளையும் இன்னிக்கே..."

சுவாமிதாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியும் திரும்பும் என்று அவன் நினைக்கவே இல்லை.

"அவ இல்ல சார். ஜெயஷீலாவும் இல்ல. நீங்க காப்பிக்குப் போம்ப அணைக்கிதியளே, அந்த சுவிட்சுதான். செவ்வாக்கிழமையே கண்டுபிடிச்சிட்டேன்."

முதலாளி கத்தப் போகிறார் என்று அவன் காத்திருந்தான். கேட்டது எலிசாளின் குரல், கொஞ்சம் தள்ளியிருந்து.

"செவ்வாக்கிழமையே தெரியுமா அண்ணே? ஜெயஷீலா புதன்கிழமைதானே போனா."