பாட்டு பீரியடில் தண்ணீர்

மெஹராஜ் பாட்டு டீச்சராகச் சேர்ந்த பள்ளி அன்னூரைத் தாண்டி, வெயில் மட்டும் விளைகிற காட்டுக்கு நடுவில் இருந்தது. கோட்டைமேட்டு வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வரவேண்டும். இசைக்கென்று அங்கே இருந்தது ஓர் ஆர்மோனியம். அதன் துருத்தியை எலி கடித்திருந்தது.

“ரிப்பேரெல்லாம் நிர்வாகத்துல கேக்க முடியாதுங்க டீச்சர். வாயால பாடிக் குடுத்துப்போடுங்க, போதும்” என்றார் தலைமையாசிரியர் தனபால்.

வாயால் பாடிக் கொடுத்துப் பார்த்தாள். ஆறாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வாயைத் திறக்கக் கூச்சப்பட்டார்கள், மீதிப் பேர் கத்தினார்கள். ஒருவர் குரலை ஒருவர் கேட்கிற வழக்கமே இல்லை.

அக்கம்பக்கத்து வீடுகளில் சொல்லி வைத்துக் காலிக் கண்ணாடி பாட்டில்களைச் சேர்த்தாள். டானிக் பாட்டில், சர்பத் பாட்டில், ஊறுகாய் பாட்டில். அவற்றை பெஞ்சின் மேல் வரிசையாக வைத்து, தன் சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றி ஸ்பூனால் தட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஏற ஏற ஒலி கீழே இறங்கியது. ஆளுக்கு ஒரு பாட்டில், ஒரு பாட்டிலுக்கு ஒரு சுரம். தன் முறை வரும்வரை ஒவ்வொரு பிள்ளையும் அடுத்த பிள்ளையைக் கேட்டே ஆகவேண்டும். முதன்முதலாக நான்கு சுரங்கள் சரியாக ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தபோது வகுப்பே பயந்ததுபோல அமைதியானது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

கீழ் சட்ஜம் மயிலாத்தாளுக்குக் கிடைத்தது. காலனியிலிருந்து வருகிற ஒல்லியான பெண். தாழ்ந்த ஒலி என்பதால் அவள் பாட்டில்தான் கழுத்துவரை நிறைந்திருக்கும். சில நாட்கள் போனதும் அந்தச் சட்ஜம் மேலே ஏறத் தொடங்கியது. காலையில் சுருதி சேர்த்து வைத்தது மதியம் பீரியடுக்குள் ரிஷபத்தின் பக்கம் போயிருக்கும். மெஹராஜ் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். முக்கால்தான் இருந்தது.

“யாரு கண்ணு கொட்டுனது?”

மயிலாத்தாள் எழுந்து நின்றாள். “கொட்டலீங்க டீச்சர். தாகமா இருந்துச்சுங்க. குடிச்சுப்போட்டேன்.”

அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. காலனிக் குழாயில் காற்றுதான் வந்தது. பள்ளிப் பானையில் இருந்ததும் உப்புத் தண்ணீர், அதுவும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். மெஹராஜ் அவளைத் திட்டவில்லை. மறுநாள் வீட்டுக் குழாயிலிருந்து சிறுவாணித் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து பஸ்ஸில் தூக்கி வந்தாள். கண்டக்டர் முணுமுணுத்தார், ஆனாலும் இறக்கி வைத்துவிட்டுத்தான் விசில் ஊதினார். வாசித்து முடித்ததும் பிள்ளைகளிடம், “இப்பக் குடிங்க” என்றாள். அவரவர் சுரத்தை அவரவர் குடித்தார்கள். “இனிக்குதுங்க டீச்சர்” என்று சத்தம் போட்டார்கள். ஒருவர் பாட்டிலை ஒருவர் வாங்கி, எது ருசி அதிகம் என்று சண்டை பிடித்தார்கள்.

பள்ளிக்கு நிலம் கொடுத்த தோட்டத்துக்காரர் காளிச்சாமி அடுத்த வாரம் வந்தார். அவர் பேத்தியும் அந்த வகுப்புதான். தனபால் அறையில் அவர் உட்காரவில்லை, மெஹராஜையும் நிற்க விடவில்லை.

“உக்காருங்க அம்மணி. பாட்டு நல்லா சொல்லித்தரீங்கன்னு பாப்பா சொல்லுச்சு, சந்தோசமுங்க. அந்த பாட்டில் சமாச்சாரந்தான்… காலனிப் புள்ள வாய் வெச்சத எங்கூட்டுப் புள்ள குடிக்குதாமுங்க. உங்க ஆளுங்கள்ல அதெல்லாம் பாக்க மாட்டீங்க. தெரியாம நடந்துபோச்சு. நான் தப்பா எடுத்துக்கலீங்க.”

“குழந்தைங்கதானுங்களே ஐயா.”

“ஆமாங்க. அதனாலதான் இப்பவே சொல்றனுங்க.”

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். தனபால் வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தார். “எனக்கு மட்டும் சரின்னு தோணுதுங்களா டீச்சர்? அவரு ஒரு வார்த்தை சொன்னா பாதிப் புள்ளைக நாளைக்கே டீசி வாங்கிப்போடும். பாட்டில்ல பேரு எழுதி ஒட்டிப்போடுங்க. அவங்கவங்க ஊட்டுல இருந்து கொண்டாரட்டும்.”

வகுப்பையே நிறுத்திவிடுவதைவிட இது மேல் என்று மெஹராஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளே சீட்டுகளில் பேர்களை எழுதினாள். மறுநாள் பிள்ளைகள் வீட்டிலிருந்து தண்ணீரோடு பாட்டில்கள் கொண்டுவந்தார்கள், அவளே பசை தடவி ஒட்டினாள். காலனிப் பிள்ளைகள் நாலு பேரும் வெறுங்கையோடு வந்தார்கள். மெஹராஜ் தன் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துவந்த நல்ல பாட்டில் ஒன்றை மயிலாத்தாளிடம் நீட்டினாள்.

“வேண்டாங்க டீச்சர். வாங்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்குதுங்க.”

“வாசிக்க மட்டும் வெச்சுக்க கண்ணு.”

அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனாள். அன்று கீழ் சட்ஜத்தைக் காளிச்சாமியின் பேத்தி தட்டினாள். சரியாகவே தட்டினாள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பீரியடு முடிந்ததும் பிள்ளைகள் தங்கள் பேரைத் தேடிக் குடித்துவிட்டு, மூடியை இறுக்கித் திருகிப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து மயிலாத்தாள் வரவில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் தனபால் பாட்டு பீரியடைக் கணக்குக்குக் கொடுத்தார். தேர்வு முடிந்தும் அது திரும்பி வரவில்லை. மெஹராஜ் கேட்கவும் இல்லை. கேட்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலனிக்குப் போனாள். மயிலாத்தாளின் அம்மா சின்னத்தாயி வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். தலைமுண்டை அவிழ்த்து உதறியவள், டீச்சரைக் கண்டதும் பதறிப்போய் சுற்றும்முற்றும் பார்த்தாள்.

“புள்ள எங்கீங்க?”

“பள்ளிக்கூடத்துக்கு நெலம் குடுத்த ஐயா தோட்டத்துலயே வெங்காயம் கொத்தப் போயிருக்குதுங்க. ‘படிக்க வெச்சு என்னத்த ஆவுது, கூட்டியா’ன்னு ஐயா சொல்லிப்போட்டாரு. எங்களுக்கு வேற எங்க வேலை இருக்குதுங்க?”

“நான் வந்து அவருகிட்டப் பேசறேன்.”

“வேண்டாங்க சாமி.” சின்னத்தாயி கையெடுத்துக் கும்பிட்டாள். “நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. புள்ள தூக்கத்துலகூட என்னமோ தட்டிக்கிட்டே இருந்துச்சு. இப்பத்தான் கொஞ்சம் மறந்திருக்குது. இனி வராதீங்க டீச்சர். வந்தீங்கன்னா எங்களுக்குத்தான் கஷ்டம்.”

மெஹராஜ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “சரிங்க, நான் வாரேன்” என்று மட்டும் சொன்னாள். சொன்ன பிறகுதான் இனி வரப்போவதில்லை என்பது உறைத்தது. ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்காக நின்றாள். எதிரே காளிச்சாமியின் தோட்டத்து வேலி தொலைவுவரை நீண்டிருந்தது. உள்ளே பெண்கள் வரிசையாகக் குனிந்து கொத்திக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூரத்தில் யாருக்கும் முகமில்லை. பஸ் வரும்வரை அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.