கடித அக்கா வாசிக்காத வரிகள்

அந்தச் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு என்றால், போதகரின் பிரசங்கத்தைவிடக் கடிதத்துக்குத்தான் மவுசு அதிகம். பத்தொன்பது வருடங்களாகக் கடல் கடந்த நாட்டில் ஊழியம் செய்யும் மிஷனரியின் கடிதம் அது. சபையே தேர்ந்தெடுத்து, சபையே வழியனுப்பிவைத்த மனிதர். கடிதத்தை வாசிப்பவள் அவருடைய சொந்த அக்கா. அவளைப் பெரியவர் சிறியவர் எல்லோரும் கடித அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

மற்ற நாட்களில் அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். சிவப்புப் பேனா கையில் ஏறிவிட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பட்டத்தையே அடித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள். அந்தப் பேனாதான் தம்பியின் கடிதத்துக்குள்ளும் புகுந்தது.

முதலில் அடித்தது ஒரே ஒரு வரி. மூன்றாம் வருடம், கோபத்தில் மனைவி மேல் தட்டை வீசிவிட்டேன், எனக்காக ஜெபியுங்கள் என்று தம்பி எழுதியிருந்தான். “இதையெல்லாம் பொதுவுல வாசிச்சா நல்லாவா இருக்கும்? சபைக்கு உற்சாகம் தர்றதை மட்டும் வாசிம்மா” என்றார் அப்போதிருந்த போதகர். அவளுக்கும் நியாயம் என்றே பட்டது. அதற்குப் பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூசி மெழுகுவது அவளுக்குக் கைவந்த கலையாகிவிட்டது. வாசித்து முடித்ததும் கைதட்டுவார்கள், வாசலில் மூப்பர்கள் கைகுலுக்குவார்கள். தம்பிக்குச் சேர வேண்டிய மரியாதையில் பாதி அவள் வீட்டுக்கு வந்தது. அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

பதினான்கு மாதங்களுக்கு முன்னால் கடிதத்தின் குரல் மாறியது. தம்பியின் மனைவி அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவள் தூக்கம் கெட்டு, வேலையை விட்டு, யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே முடங்கிவிட்டாளாம். சபை அவளுக்காக ஜெபிக்க வேண்டும், முடிந்தால் எங்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும் என்று தம்பி கேட்டிருந்தான். இவ்வளவு பெருமைக்கும் நடுவில் இதை எப்படி வாசிப்பது? கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அந்தப் பத்தியை அடித்தாள். தம்பி நடத்தும் பள்ளிக்கூடத்தில் புதுப் பிள்ளைகள் சேர்ந்ததை மட்டும் வாசித்தாள்.

பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் உறுத்தியது. தம்பியை வெறுங்கையோடு விட அவளுக்கு மனம் கேட்கவில்லை. “ஒவ்வொரு புதன்கிழமையும் காலை ஏழு மணிக்கு முந்நூறு பேரும் உங்களுக்காக முழங்காலில் நிற்கிறோம்” என்று எழுதினாள். மாதாமாதம் அதையே எழுதினாள். புதன்கிழமை ஏழு மணிக்குச் சபை முழங்காலில் நின்றது என்னவோ உண்மைதான். புதிய மண்டபம் கட்ட அனுமதி கிடைக்க வேண்டும் என்று நின்றது.

இந்த மாதக் கடிதத்தை அவள் வெள்ளிக்கிழமை அச்சகத்தில் வைத்துப் பிரித்தாள். சில வரிகள்தான் இருந்தன.

“உங்கள் ஜெபங்களுக்கு நன்றி. இனி வேண்டாம். முந்நூறு பேர் ஒரு வருடம் மன்றாடியும் தேவன் மனம் இரங்கவில்லை என்றால், அவர் தன்னைத் தள்ளிவிட்டார் என்கிறாள் என் மனைவி. இத்தனை நாள் அவளோடு வாதாடினேன். இப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.”

அவள் காகிதக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “என்னக்கா, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?” என்றார் இயந்திரம் ஓட்டுபவர். யாரும் செய்யாத ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று தம்பி தேவனைக் கைவிடப் போகிறான். பழக்க தோஷத்தில் கை பேனாவைத் தேடியது. ஆனால் இதில் எதை அடிப்பது? அடிப்பதென்றால் முழுக் கடிதத்தையும் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் கடிதம் முழுவதையும் வாசித்தாள். யாரும் கைதட்டவில்லை.

இப்போதுள்ள போதகர் பதறி எழுந்தார். “என்னம்மா இது? நமக்கு யாரும் சொல்லவே இல்லையே?”

“நான்தான் சொல்லலை ஐயா. பதினாலு மாசமா எழுதினான், நான் வாசிக்கலை. எல்லாரும் ஜெபிக்கிறோம்னு நானே அவனுக்குப் பொய் எழுதினேன்.”

“உன் கூடப்பிறந்தவன்தானேம்மா அவன்?” என்றார் முன்வரிசை மூப்பர் ஒருவர். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

சபையார் சிலர் முழங்காலிட ஆரம்பித்தார்கள். போதகர் அவளை அலுவலக அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். “முதல்ல அவர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க” என்று தம்பியின் எண்ணை அழுத்தித் தொலைபேசியைக் கையில் கொடுத்தார்.

அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள்.

“ஏழு மணின்னு நீதானே எழுதினே” என்றான் தம்பி. “இங்க அது விடியற்காலை மூணரை மணி. அலாரம் வச்சு எழுந்திருப்போம். அவ கட்டிலை விட்டு இறங்கினதே அதுக்கு மட்டும்தான். அங்க எல்லாரும் நம்மகூட முழங்கால்ல நிக்கிறாங்கன்னு சொல்லித்தான் கையைப் பிடிச்சு இறக்குவேன். அப்ப அங்க யாருமே இல்லையாக்கா?”

“இருந்தோம்டா. மண்டபத்துக்கு அனுமதி கேட்டு ஜெபிச்சுக்கிட்டிருந்தோம்.”

“கிடைச்சுதா?”

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள்.

“கிடைச்சுது” என்றாள்.

மன்னிப்புக் கேட்க அவள் வாயைத் திறப்பதற்குள், “பக்கத்துல வேற யாராவது இருந்தா போனை அவங்ககிட்ட கொடு” என்றான். அக்கா என்று சொல்லவில்லை.

அவள் தொலைபேசியைப் போதகரிடம் கொடுத்துவிட்டு அறைக்கு வெளியே வந்தாள்.