வளர்ற பிள்ளை

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குக் கல்யாண உடுப்பு தைக்கக் கொடுக்க, தாய் தன் நாத்தனாரோடு தையல்கடைக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தது, பேசி முடித்தது, துணி எடுத்தது எல்லாம் நாத்தனார்தான். தாய் போன இடமெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

தையல்காரி நாடாவைச் சுற்றினாள். மகள் மரக்கட்டையாக நின்றாள்.

"இடுப்பு பிடிப்பா இருக்கட்டுமா?"

தாய் யோசிக்கவேயில்லை. பள்ளிச் சீருடைக்குச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போனது தானாக வந்தது.

"உள்ளே தாராளமா துணி மடிச்சு விடுங்கக்கா. வளர்ற பிள்ளை."

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா இருக்கு போ! கல்யாணப் பொண்ணுக்கு யாராவது வளர்றதுக்குத் துணி விடுவாங்களா?"

தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வயதில் அவள் பிரசவ அறையில் துடித்துக் கிடந்தபோது டாக்டரம்மா கத்தியதும் இதையேதான். 'இதுவே வளர்ற பிள்ளை! இடுப்பெலும்பே இன்னும் வளரலை, இதுக்குப் பிரசவமா?' அந்தக் குழந்தை அழவேயில்லை. அதன்பின் அவளுக்குச் சிறுநீர் நிற்காமல் கசிந்தது. ஆபரேஷன் ஆகும்வரை நாலு பேர் கூடும் இடத்துக்கே அவள் போனதில்லை.

"நாடாவை எடுத்துடுங்கக்கா. கல்யாணம் இல்லை."

"ஏய், பேய் பிடிச்சிருக்கா உனக்கு? என் தம்பி வாக்குக் கொடுத்திருக்கான்!"

"அப்ப அவரையே கேட்போம் அண்ணி."

போனை ஸ்பீக்கரில் போட்டாள். "ஏங்க, நம்ம பிள்ளைக்கு இப்ப கல்யாணம் வேணாம். நான் பட்டதெல்லாம் அவளும் படணுமா?"

அந்தப் பக்கம் பட்டறைச் சத்தம் நின்றது.

"அப்பாடா!" என்றார் கணவர். "எனக்கும் மனசே ஒப்பலை. அக்காகிட்ட யார் சொல்றதுன்னுதான் முழிச்சிட்டிருந்தேன். நீயே சொல்லிடேன். கேட்டா, நான் வெளியூர் போயிட்டேன்னு சொல்லு."

"நான் இங்கதான்டா நிக்கிறேன், வெளியூர்க்காரா!"

தையல்காரி சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள்.

"அக்கா… கேட்டுட்டியா? நல்லதாப் போச்சு. என் பிள்ளை படிக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போய்ச் சொல்றேன்."

நாத்தனார் துணியைச் சுருட்டிப் பையில் திணித்து, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"அம்மா, அப்ப நாளைக்கு ஸ்கூல் போலாமா?"

"போகாம?"

மகள் துணித்துண்டுகளுக்கு நடுவே பொத்தென்று உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிய தாய்க்கு, கல்யாணம் பேசிய நாளிலிருந்து முதல் தடவையாக நன்றாகப் பசித்தது.