பூஜ்யம் விட்ட நாள்

வீட்டில் காஸ் பற்றிப் பேசக் கூடாது என்று அலுவலகமே உத்தரவு போட்ட தம்பதி, தெரிந்தவரை இவர்கள்தான்.

மனைவி பொறியாளர். ஊருக்கு வெளியே பொட்டல்வெளியில் லாரியை நிறுத்தி, செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும்போது மீதேன் வாயுவை அளந்து திறந்துவிடுவது அவள் வேலை. எவ்வளவு விட்டாள் என்பது அவள் குழுவுக்கு மட்டும் தெரியும். கணவன் செயற்கைக்கோள் பக்கம். வானத்திலிருந்து வந்த படத்தைப் பார்த்து, மணிக்கு எத்தனை கிலோ வெளியேறியது என்று சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் செயற்கைக்கோளை நம்பலாம். பரீட்சை எழுதுகிறவனுக்கு வினாத்தாள் தயாரிப்பவளையே கட்டிவைத்த கதை.

இந்தச் சோதனையில் செயற்கைக்கோள் தோற்றால் திட்டம் வேறு ஊர் அலுவலகத்துக்குப் போய்விடும், கூடவே அவனும். கல்யாணமான புதிதில் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு ரயிலிலேயே குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். மறுபடியும் அந்தப் பிழைப்பு வந்துவிடுமோ என்றுதான் அவனுக்குப் பயம்.

உத்தரவை வீட்டில் அமல்படுத்தியவர் மாமியார். சமையல் சிலிண்டர் தீர்ந்த அன்று, "அத்தை, காஸ்..." என்று அவன் வாயெடுத்ததுமே கையை உயர்த்திவிட்டார்.

"அந்தப் பேச்சே வேண்டாம் மாப்பிள்ளை. சோதனை முடியட்டும்."

அன்று எல்லோருக்கும் பழம்தான்.

முதல் மூன்று சோதனைகளில் படம் தெளிவாக இருந்தது. எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டான். நான்காவது சோதனையில் படம் துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி இருந்தது. ஒன்றுமே இல்லை.

ஆனால் அன்று மாலை மனைவி வந்த கோலம் வேறு கதை சொன்னது. செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் சரிந்தாள். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. "கால் ரெண்டும் கழண்டு விழுந்துடும் போலிருக்கும்மா" என்றவள், சாப்பாட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

"அவ முகத்தையே ஏன் பார்க்கறீங்க மாப்பிள்ளை?"

"என் பொண்டாட்டிதானே அத்தை."

"சோதனை நாள்ல அதையும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க."

அவன் மனதுக்குள் கணக்கு ஓடியது. படத்தில் வாயு குறைவாகத் தெரிந்த நாளில் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அதிகமாகத் தெரிந்த நாளில் வாயே திறக்கவில்லை. இவ்வளவு அசதி என்றால் மணிக்கு எண்ணூறு கிலோவுக்குக் குறையாது.

மறுநாள் காலை இயக்குநர் படத்தைப் பார்த்தார். அலுவலகத்தில் அவருக்குத் 'திருத்தம்' என்று பட்டப்பெயர்.

"பூஜ்யம்னு எழுதப் போறீங்களா? அதைக் கண்டுபிடிக்கவா ராக்கெட்ல ஏத்தி அனுப்பினோம்?"

"மெல்லிசா மேகம் மறைச்சிருக்கலாம் சார்."

"மேகம்னா மேகத் திருத்தம் போடுங்க. காத்துன்னா காத்துத் திருத்தம். நம்மகிட்ட இல்லாத திருத்தமா?"

எல்லாத் திருத்தமும் போட்டு முடித்தபோது எண்ணூற்று இருபது வந்தது. அந்த இருபதால் எண்ணுக்கே ஒரு கௌரவம் கூடியது போலிருந்தது.

முடிவு அறிவிக்கும் கூட்டத்தில் மனைவிதான் உண்மை அளவுகளைச் சொன்னாள். முதல் மூன்றும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தின. கைதட்டினார்கள்.

"நாலாவது சோதனை, பூஜ்யம்" என்றாள். "இல்லாததை இருக்குன்னு சொல்லுதான்னு பார்க்க, ஒரு தடவை வாயு விடாமலே சோதனை வெச்சுப் பார்ப்போம்."

இயக்குநர்தான் முதலில் சுதாரித்தார். "பக்கத்துல மாடு ஏதாவது மேஞ்சிருக்கும்மா. அதுவும் மீதேன் விடுமே."

"மணிக்கு எண்ணூத்து இருபது கிலோவுக்கு எத்தனை மாடு வேணும் சார்? பூஜ்யம் வைக்கிற அன்னைக்குத்தான் எங்களுக்கு உயிரே போகும். திறந்துவிடறது ஒரு நிமிஷ வேலை. துளிகூடக் கசியலைன்னு உறுதி பண்ண, ஒவ்வொரு இணைப்புலயும் சோப்புத் தண்ணி தடவி நாள் பூரா பார்க்கணும்."

ஊறிச் சுருங்கிய விரல்கள் அவன் கண்முன் வந்து நின்றன.

"திருத்தத்துக்கு முன்னாடி செயற்கைக்கோள் என்ன சொல்லுச்சு?" அவள் அவனைப் பார்த்தே கேட்டாள்.

இயக்குநர் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தார். வாயை மூடிக்கொண்டால் பழி செயற்கைக்கோள் தலையில் விழும். பெட்டி கட்ட வேண்டியதுதான். வாயைத் திறந்தால் மானம் போகும். மானம் போனாலும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

"ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்லுச்சு. நான்தான் ஏத்தி எழுதினேன்."

"எதை வெச்சு?"

"ஒரு துணைத் தரவு."

"எந்த நிலையத்துலேர்ந்து?"

"வீட்டுலேர்ந்து."

செயற்கைக்கோள் தேறியது, திட்டம் இங்கேயே தங்கியது. அலுவலகம் மட்டும் புதிதாக ஒரு விதி சேர்த்தது: இனிச் சோதனைக் காலத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. எதற்குப் பயந்தானோ அது தவணை முறையில் வந்து சேர்ந்தது.

அடுத்த சோதனைக்கு முந்தின நாள், அலுவலக விடுதிக்குப் போக அவனுக்குப் பெட்டி அடுக்கிக் கொடுத்தாள். மாமியார் வாசலில் ஆட்டோவை நிறுத்திவைத்திருந்தார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து என் முகத்தை ஒரு தடவையாவது சரியா படிச்சிருக்கீங்களா?" என்றாள் மனைவி.

அவன் உற்றுப் பார்த்தான். "இப்போ என்ன சொல்லுது?"

பெட்டியை மூடி அவன் கையில் கொடுத்தாள். "நீங்க சொல்லுங்க. சரியா தப்பான்னு சோதனை முடிஞ்சு வந்ததும் சொல்றேன்."

"பிரியமா இருக்கு. கொஞ்சம்."

"திருத்தம் எதுவும் போடலையே?"

"போடலை."

வெளியே மாமியார் கனைத்தார். "மாப்பிள்ளை, பேச்சுப் போதும். வண்டி நிக்குது."