இரண்டு பேருக்கு ஒரு மூக்கு

1

இது கால் பக்கக் குறிப்பாக முடிந்திருக்க வேண்டிய விஷயம். வீட்டில் துர்நாற்றம் எப்படி வருகிறது, ரசாயனம் இல்லாமல் எப்படிப் போக்குவது என்று ஒரு மாத இதழில் கேட்டிருந்தார்கள். எனக்கு இதில் ஒரு ஞானமும் கிடையாது. அக்காவுக்கு உண்டு. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருப்பவள். தைக்க வரும் துணியை மோந்து பார்த்தே அது எத்தனை மாதம் பீரோவில் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். போன் செய்தேன். குறிப்பு சொன்னாள். பிறகு அழுதாள். நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். குறிப்பு இரண்டு வரியாகவும் அழுகை நான்கு பக்கமாகவும் நிற்கிறது.

2

ஆரம்பங்கள்:

'வாசனை என்பது ஒரு வீட்டின் ஆன்மா' [அடித்துவிட்டேன். அக்கா படித்தால் சிரிப்பாள்.]

'இருநூறு பேருக்குச் சமைக்கும் ஒருவர், ஒரு நாள் காலையில்' [இல்லை. இது அக்கா புருஷன், மாமாவின் கதையாகிவிடும்.]

சரி, இது நிற்கட்டும்: அக்காவின் சமையலறையில் நாலு நாளாக ஒரு புளித்த வாடை. அவள் குப்பைக் கூடையைக் கழுவினாள். தொட்டிக் குழாயில் கொதிநீர் ஊற்றினாள். தரை துடைக்கும் துணியை வெயிலில் போட்டாள். வாடை போகவில்லை. கடைசியில் ஃப்ரிட்ஜை இழுத்துப் பார்த்தால், பின்னால் தண்ணீர் வடியும் தட்டில் பால் சிந்தி, பாசி மாதிரி கொழகொழவென்று இருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் மாமாவின் நாற்காலி. நாலு நாளும் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தார்.

"உங்களுக்கு நாறவே இல்லையா?"

"லேசா அடிச்சுது. நீ பார்த்துப்பேன்னு விட்டுட்டேன்."

மாமா ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் தலைமைச் சமையற்காரர். சட்டியைத் திறக்காமலே உப்புக் குறைகிறது என்று சொல்பவர். அந்த 'லேசா' அக்காவுக்கு இறங்கவில்லை.

3

[இதழுக்கான குறிப்பு. மாமாவின் கதையிலிருந்து கொஞ்சம் தப்பிக்க ஒரு சாக்கும் கூட.]

ஈரமும் மிச்சமும் சேர்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் விருந்து வைக்கின்றன. நாற்றம் அந்த விருந்தின் எச்சில். அதன் மேல் ஊதுபத்தி ஏற்றினால் இரண்டு வாடையாகும், அவ்வளவுதான். முதலில் மூலத்தை எடு, பிறகு காயவிடு. புளித்த வாடைக்குச் சமையல் சோடா. மீன் வாடைக்கு எலுமிச்சை. அலமாரிக்கு ஒரு கிண்ணம் கரித்துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, திறந்த ஜன்னல்.*

* ஒரே ஒரு நாற்றத்தை மட்டும் போக்கக் கூடாது. சமையல் வாயுவுக்குத் தனக்கென்று வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமென்றே அதில் நாற்றத்தைக் கலக்கிறார்கள். இதை எழுதும்போது இரண்டு முறை எழுந்துபோய் என் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன்.

4

போன வியாழக்கிழமை சாயங்காலம், நூல்கண்டு வாங்கப் போன அக்கா திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே அந்த நாற்றம் மூக்கில் அறைந்தது. உள்ளே ஓடினாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. திருகு திறந்தபடியே இருந்தது. மாமா லைட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தார்.

"தொடாதீங்க!"

அவர் திரும்பினார். "ஏன், என்னாச்சு?"

அந்த முகத்தில் நடிப்பே இல்லை என்றாள் அக்கா. லைட்டரைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள், சிலிண்டரை மூடினாள், சுவிட்சைத் தொடாமல் எல்லா ஜன்னலையும் திறந்தாள், அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். வாசலில் வைத்துத்தான் கேட்டாள்.

"எத்தனை நாளா மூக்குக்குத் தெரியல?"

"அந்தக் காய்ச்சல் வந்ததிலேருந்து. ரெண்டு மாசம். வாசனை திரும்ப வரும்னாங்க. வரல."

"கேன்டீன்ல?"

"கடிகாரம் பார்த்துச் சமைக்கறேன். கை பழகினதுதானே. ருசி பார்க்கறதுக்குப் பாத்திரம் தேய்க்கற அம்மாவைக் கூப்பிடுவேன்."

"கெட்டுப்போன மீன் வந்தா?"

அவர் தெருவையே பார்த்தார். "ஒரு நாள் வந்துது. அந்தம்மா அன்னிக்கு லீவு. சமைச்சுட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"அன்னிக்கு ஆகல."

வீடு காற்றாடும் வரை வாசலிலேயே நின்றார்கள்.

5

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். 'மாமா நல்லவர், ஆனால்' [ஆனால் என்ன? பதினெட்டு வருஷ வேலை. வேறு தொழில் தெரியாது. பயம். இதை எப்படி ஒரு வரியில்] விட்டுவிடுகிறேன்.

மூன்று முடிவுகள் எழுதினேன்:

அ. மாமாவே மேலாளரிடம் போய்ச் சொல்கிறார்.

ஆ. அக்கா தினமும் கேன்டீனுக்குப் போய் மோந்து பார்த்துவிட்டு வருகிறாள். யாருக்கும் தெரியாது.

இ. ஒரு காலையில் காபி மணக்கிறது. மூக்கு திரும்பிவிட்டது.

'இ' எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் அதன் மேல் சந்தேகம்.

அக்காவிடம் போனில் படித்துக் காட்டினேன். "இதை எடுத்துக்கிட்டு இங்க வாடி," என்றாள். "நான் சொன்னா சண்டையாகுது. நீ எழுதினதை அவரே படிக்கட்டும்."

6

இன்று ஞாயிறு. மத்தியானம் போனேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். அக்கா மிஷினில் உட்கார்ந்து தைப்பதுபோல் இருந்தாள். ஊசியில் நூல் இல்லை.

"உப்பு விஷயம் பொய்," என்றார் மாமா. "திறந்து பார்த்துத்தான் சொல்வேன்."

"கதைக்காக மாமா."

"ம்." பேனாவைக் கேட்டார். 'இ'யை ஒரே கோட்டில் அடித்தார். 'ஆ'வின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். "உனக்குத் தைக்கற வேலை இருக்கு," என்று சொல்லி அதையும் அடித்தார்.

பிறகு எழுந்து, இஸ்திரி போட்ட சட்டையைத் தேடினார். அக்கா எடுத்துக் கொடுத்தாள். "மேலாளர் வீட்டுக்கு நானும் வரட்டுமா?" என்றாள். "தெருமுனை வரைக்கும் வா," என்றார்.

7

மேலாளர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் கிளம்பியதும் நான் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். போன் இன்னும் அடிக்கவில்லை. மேலாளரைப் பற்றி எதையாவது கற்பனை செய்து எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆகவே அந்த மேலாளர் நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் கலைந்து கதவைத் திறக்கிறீர்கள். பதினெட்டு வருஷம் உங்கள் ஆட்களுக்குச் சோறு போட்டவர் நிற்கிறார். சட்டைப் பொத்தான் ஒன்றை மாற்றிப் போட்டிருக்கிறார்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்," என்கிறார்.

சொல்லி முடித்துவிட்டார். உங்கள் பதிலுக்காக நிற்கிறார்.