ஐந்து மணி வரைக்கும்

ஒரு மனிதர் தன் மகளிடம் நான்கு நிமிடம் சாதாரணமாகப் பேச எவ்வளவு மூச்சு வேண்டும் என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? மாமனார் அன்று காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தார். போன் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வாயையும் மூக்கையும் மூடியிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, தூரப் பயணத்துக்கு டேங்க் நிரப்புகிறவர் மாதிரி இழுத்து இழுத்து உள்ளே வாங்கினார்.

"நீங்க பேச வேண்டாம் மாமா. நானே சொல்லிக்கிறேன்" என்றான் மருமகன்.

அவர் ஒரு விரலைத் தூக்கி அவனை அடக்கினார்.

ஆறே முக்காலுக்குப் போன் அடித்தது. மாஸ்க்கைக் கழற்றி நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினார்.

"என்ன மேனேஜரம்மா, எழுந்துட்டியா?"

குரல் கணீரென்று வந்தது. மனுஷன் தேறிவிட்டாரோ என்று மருமகனுக்கே ஒரு கணம் பட்டது.

"தூங்கினீங்களாப்பா? சளி பரவாயில்லையா?"

"நல்லாத் தூங்கினேன். உன் புருஷன்தான் நாற்காலியில உக்காந்து குறட்டை விட்டு வார்டையே எழுப்பிட்டாரு."

அந்தப் பக்கம் சிரித்தாள். "இன்னைக்குத்தாம்ப்பா."

"தெரியும். பயமா இருக்கா?"

"இருக்கு."

"இருக்கட்டும். மூஞ்சியில காட்டாத. உன் கீழ வேலை பாக்கிற பதினாலு பேரும் உன் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருப்பாங்க."

"ஏழு மணிக்குப் போனை வாங்கி டிராயர்ல வச்சிடுவாங்க. அஞ்சு மணிக்குத்தான் குடுப்பாங்க. வாங்கினதும் கூப்பிடறேன், சரியா?"

"சரி. அஞ்சுக்கு நான் எங்க போகப்போறேன்?"

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் உதடு நீலமாகியிருந்தது. மாஸ்க்கைப் போட்டுவிட்ட சிஸ்டர், "வாயிருக்கே, இதைத் தனியா அட்மிட் பண்ணியிருக்கணும்" என்று திட்டினாள். பழைய நிலைக்கு வர அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வந்ததும் முதலில் சொன்னது: "மாப்ளே, அஞ்சு மணி வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் தெரியக் கூடாது."

மாமனார் ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தில் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். அதில் ஏறி இறங்கிய மேனேஜர்கள் எல்லோருடைய பின்னந்தலையும் அவருக்கு மனப்பாடம். மகள் ஒரு பெரிய நாற்றுப் பண்ணையில் மேனேஜர் பயிற்சிக்குத் தேர்வானபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆபீஸ் எத்தனாவது மாடி?" என்பதுதான். மாடியே கிடையாது, ஒன்பது கண்ணாடி வீடுகளும் ஒரு தகரக் கொட்டகையும்தான் என்றதும் முகம் சுருங்கிப்போனார். முதல் நான்கு மாதம் அவள் தொட்டி கழுவினாள் என்று தெரிந்தபோது ஒரு வேளை சாப்பிடவில்லை. அப்புறம் அவள் ஒவ்வொரு பிரிவாக மாறினாள்: விதைப்பு, தண்ணீர், உரம், பூச்சி, ஏற்றுமதி, ஆட்கள். அவரும் கூடவே மாறினார். போனில் கேட்டதையெல்லாம் வைத்து, தரையோடு ஒட்டி நடந்தே பார்க்க வேண்டிய மேனேஜர் வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று பக்கத்து வீட்டாருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார்.

பயிற்சியின் கடைசிச் சோதனை அன்றைக்கு. ஒரு நாள் முழுக்கப் பண்ணை அவள் கையில். பெரிய மேனேஜர் ஒரு நோட்டோடு பத்தடி பின்னால் நடப்பார். வாயைத் திறக்க மாட்டார். வெளியே யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதால்தான் போன் டிராயருக்குப் போகிறது.

மருமகன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். இரண்டு வருஷமாக மனைவியைப் போனில்தான் வைத்திருந்தான். அவள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவாள். இரண்டு நாள் இருப்பாள். போகும்போது வாசலில் திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவாள் என்பதால் திரும்ப மாட்டாள். அந்தத் திரும்பாத முதுகைத்தான் அவன் வீடு பூராவும் பார்த்துக்கொண்டிருந்தான். குளியலறையில் அவள் சீப்பு, வைத்த இடத்திலேயே இருந்தது. இந்த ஒரு நாள் முடிந்தால் வீட்டுக்குப் பக்கத்துப் பண்ணையிலேயே அவளுக்கு வேலை.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். அவனை நடைபாதைக்கு அழைத்துப் போய், "வரவேண்டியவங்க இருந்தா சொல்லிடுங்க. இன்னைக்குத் தாண்டறது கஷ்டம்" என்றார்.

அவள் இருக்கும் இடத்திலிருந்து ரயிலில் பன்னிரண்டு மணி நேரம். இப்போதே கிளம்பினாலும் வந்து சேர முடியாது. ஆனால் பேசலாம். அவர் காதில் போனை வைத்தால் கேட்கும். இன்னும் கேட்கும்.

மருமகன் பண்ணை ஆபீசுக்குப் போன் போட்டான்.

"அவங்க மூணாவது கண்ணாடி வீட்டுல இருக்காங்க சார். ஏதோ பிரச்சினை போல. ஆள் அனுப்பிக் கூப்பிடட்டுமா?" என்றாள் ஆபீஸ் அம்மா.

அவன் கதவு வழியாக உள்ளே பார்த்தான். மாமனார் கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா, ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

உள்ளே போனதும் மாமனார் மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டார்: "யாருக்கு?"

"டிரைவிங் ஸ்கூலுக்கு மாமா. லீவு சொன்னேன்."

"பொய்யி." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பக்கத்து சீட்டுல உக்காந்து... பிரேக்குல கால் வச்சிருக்கிற உத்தியோகம் உங்களுக்கு. அவ ஓட்டட்டும். கால எடுங்க."

பிறகு அவர் பேசியதெல்லாம் ஒரே கேள்விதான்.

"மணி என்ன?"

"பதினொண்ணு மாமா."

"மணி?"

"பன்னெண்டு அடிக்கப்போகுது."

ஒன்றரைக்கு அவன் மூன்று என்று பொய் சொன்னான். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க முயன்று, முடியாமல், நம்பி, தலையாட்டினார். இரண்டு பத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சிஸ்டர் மாஸ்க்கைக் கழற்றி, அது பதிந்திருந்த கன்னத்தை விரலால் நீவிவிட்டாள்.

அவன் இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டான். மூக்குக் கண்ணாடி, துண்டு, பாதி தீர்ந்த தைலப் புட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தான்.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது போன் வந்தது.

"ஏங்க, முடிஞ்சிடுச்சுங்க!" என்றாள். மூச்சு விடாமல் ஆரம்பித்தாள். "காலைலேயே குச்சி நட்டு வேர் விட வைக்கிற வீட்டுல தண்ணி தெளிக்கிற குழாய் அடைச்சுக்கிச்சு. வெயில் ஏறினா எல்லாம் கருகிடும். நாலு பேரை விட்டு நியூஸ்பேப்பரை நனைச்சு மேல போத்தச் சொன்னேன். பெரியவரு நோட்டுல என்னமோ எழுதறாரு, மூஞ்சியில ஒண்ணும் தெரியல."

"அப்புறம்?"

"அப்புறம் லாரி வந்துடுச்சு. எண்ணூறு தொட்டி ஏத்தணும். சும்மா ஒரு இலையைத் திருப்பிப் பாத்தேன். அடியில வெள்ளை ஈ. அடுத்த தொட்டியிலயும் இருக்கு. இத ஏத்த முடியாதுன்னுட்டேன். விற்பனைக்காரர் கத்துறாரு, 'அம்மா, அங்க கடை திறந்து காத்திட்டிருக்காங்க, மேல மருந்தடிச்சு அனுப்பலாம்'னு. முடியாதுன்னேன். வேற வீட்டுல சுத்தமா இருந்த செடியா ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்து ஏத்த வச்சேன். மதியம் மூணு வரைக்கும் லாரி அங்கயே நின்னுச்சு."

"அப்புறம்?"

இந்தச் சில நிமிடங்களாவது அவள் அப்பா இருக்கிற பெண்ணாக இருக்கட்டும் என்று அவன் கேட்டுக்கொண்டே போனான். அவளும் சொல்லிக்கொண்டே போனாள். தள்ளுவண்டிச் சக்கரம் கழன்றது. கொட்டகைப் பூனை குட்டி போட்டது. பெரியவர் மதியச் சாப்பாட்டில் தயிர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது. யாரோ தலைகீழாகப் போட்டிருந்த தொப்பி.

"அப்புறம்?" என்று அவன் மறுபடி கேட்டபோதுதான் உறைத்தது. போனை எடுத்தாலே முதல் வார்த்தையாக அப்பாவைக் கேட்கிறவள், இருபது நிமிடமாகியும் கேட்கவில்லை.

அவன் பேசாமலிருந்தான். அவளும் நிறுத்தினாள். அந்தப் பக்கம் எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை மணிக்குங்க?" என்றாள்.

"ரெண்டு பத்துக்கு."

"உனக்கு எப்படி..." என்றான்.

"ஆபீஸ் அம்மா பத்தே முக்காலுக்கு வந்து சொன்னாங்க. உங்க வீட்டுக்காரர் கூப்பிட்டாரு, சும்மாதான்னு வச்சுட்டாருன்னு." குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "நீங்க என்னைக்குங்க சும்மா கூப்பிட்டிருக்கீங்க?"

அவன் பையின் காதை விரலில் சுற்றினான்.

"கேட்டிருந்தா போனைக் குடுத்திருப்பாங்க" என்றாள். "லாரி நின்னுட்டு இருந்துச்சு."

"ம்."

"என்னைக் கேட்டாராங்க?"

"மணி கேட்டுட்டே இருந்தாரு."

அந்தப் பக்கம் அவள் குழாயை இறுக்கி மூடும் சத்தம் கேட்டது.

"ஆறரைக்கு ரயில் இருக்கு" என்றான். "கிளம்பி வா."

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் வேலைச் சட்டையோடு வந்து இறங்கினாள். பத்து மணிக்குள் எல்லாம் முடிந்தது. பதினொன்றேகாலுக்குப் பண்ணையிலிருந்து பெரிய மேனேஜர் கூப்பிட்டு, அவள் தேறிவிட்டாள் என்றார். போனை எடுத்தது அவன்தான். அவள் வீட்டில் அப்பாவின் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் எழுப்பவில்லை.